இறையும் கணக்கும்

இன்று பட்டம் பெறுவோரில் பலர் விரைவில் வருமான வரி பிடித்தம் போக எஞ்சிய ஊதியத்தைப் பெறவிருப்பதால், குடிமக்கள் எதனால் வரி கட்ட முன்வருகிறார்கள் என்னும் கேள்வி இந்த அவைக்கு நேரடியாகவே உரியது. 1972-இல் ஆலிங்ஹாம், சாண்ட்மோ என்னும் இரு பொருளியலாளர், பிடிபடும் வாய்ப்பையும் தண்டத்தின் அளவையும் எடைபோட்டே ஒருவர் தம் வருமானத்தைக் காட்டுவதா மறைப்பதா என முடிவு செய்கிறார் என்றனர். ஆயினும் தணிக்கை அரிதாகவே நடக்கும் நாடுகளிலும் பெரும்பாலோர் ஒழுங்காக வரி செலுத்துவதை அச்சம் ஒன்றைக் கொண்டு விளக்க முடியாமற்போகவே, வரி கட்ட உள்ளூர எழும் இசைவைக் குறிக்கும் ‘வரி மனப்பாங்கு’ என்னும் கருத்து ஆய்வில் முக்கியத்துவம் பெற்றது. அரசு தன் கடமையைச் செய்கிறது, பிறரும் செலுத்துகிறார்கள் என்னும் இரு நம்பிக்கைகளே அந்த இசைவைத் தாங்குகின்றன என்று அரசியல் அறிவியலாளர் மார்கரெட் லெவி 1988-இல் எழுதினார்.

இவற்றுள் முதல் நம்பிக்கை எங்ஙனம் ஈட்டப்படுகிறது என்பதற்கு, உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சிறந்த சான்றாகும். முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்ட அவ்வூரில் வாரியங்களுக்கு, அதாவது ஊர்க் குழுக்களுக்கு, உறுப்பினரைக் குடத்திலிட்ட ஓலைகளால் தெரிந்தெடுக்கும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் கால் வேலிக்கு மேல் இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், இருக்கவேண்டும் என்று விதித்த அதே சபை, வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவருடைய தாய்மாமன், மாமனார், மருமகன் முதலிய உறவினரையும் விலக்கி வைத்தது. அது நிலமுடைய பிராமணரின் சபை என்பதும், பெண்களும் உழுகுடிகளும் அதற்குப் புறத்தே நின்றனர் என்பதும் மறைக்கத்தக்கவை அல்ல. எனினும் இறை செலுத்துவதையும் கணக்குக் காட்டுவதையும் ஒரே சட்டத்தில் இணைத்த அரசியல் அறிவு மதிக்கத்தக்கது.

பெண்களையும் உழுகுடிகளையும் புறத்தே நிறுத்திய அந்த விலக்கங்களுக்கு இக்காலத்தில் இடமில்லை. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் சரக்கு மற்றும் சேவை வரியைச் செலுத்துவதால், வருமான வரி கட்டுவோரே வரி கட்டுவோர் என்னும் பேச்சு பிழையானது, அநீதியானதும்கூட. அத்தொழிலாளிக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்படுகிறது. அக்கணக்கைப் படித்து, ஐயமுள்ள இடத்தில் எழுந்து வினவும் பயிற்சி, இன்று பட்டம் பெறும் வணிகவியல், பொருளியல், பொறியியல் மாணவர்களிடம் உள்ளது. அடுத்த கூட்டத்திலேயே அது அவர்களுடைய ஊருக்குத் தேவைப்படுகிறது.