சமய உரிமையும் மகளின் பங்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமய உரிமை என்றவுடன் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோவிலும் நம் கண்முன் வருகின்றன. அவ்வுரிமை ஒரு பெண்ணின் தோளிலும் அவள் தந்தையின் வீட்டிலும் வந்து நிற்பதுண்டு. நாம் குடியேறி வாழும் திருவனந்தபுரத்தின் வரலாறே அதற்குச் சான்று.

தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள், கிறித்தவம் தழுவியோர் முதலாக, மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு அடியும் அவமதிப்பும் பட்டனர். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு விளம்பரம் வெளியிட்டார். மேலுடம்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பாதியைப் பிடித்துக்கொண்ட கொடை அது. இக்கதையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். பிறர் பறித்ததை மீட்ட கதை அது. தம்மவரே மறுத்ததை ஒரு பெண் மீட்ட கதையையே இன்று சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

கொல்லம் ஆண்டு 1092, அதாவது 1916-இல், திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் பிறந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலும், கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலும் அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்கோ சீவனாம்சம் போன்றதோர் உரிமை. மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏறியது. அந்த ஐயாயிரம் மட்டும் அசையவில்லை.

இதனை மார்க்கம் என்றும் மரபு என்றும் சொன்னார்கள். ஆனால் அதே சட்டத்துள் ஒரு விலக்கும் இருந்தது. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த சில பிரிவினருக்கும், குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழ்ந்த புராட்டஸ்டண்டு மக்கள் சிலருக்கும் அப்பங்கு விதிகள் பொருந்தா. ஏனெனில் அவர்களிடையே ஆணும் பெண்ணும் சமமாகப் பகிர்ந்துகொள்வதே வழக்கம். வேதம் ஒன்று, பங்கு வேறு வேறு. அப்படியாயின் பங்கைக் குறைத்தது வேதம் அன்று என்பது தெளிவு.

கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய் அம்மையார் 1983-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1986 பிப்ரவரி 24 அன்று, தலைமை நீதிபதி பகவதி உள்ளிட்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் மறைந்துவிட்டது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும். அதன்படி மகனும் மகளும் சமம். சமத்துவம் பற்றிய பெருவினாவுக்குள் நீதிமன்றம் புகவில்லை என்பதில் நமக்குச் சிறு மனக்குறை உண்டு. ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகளாக இல்லாத சட்டத்தைக் காட்டியே மகளிரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள் என்பது வெளியாயிற்று.

நம் தென்பாண்டி உறவுகளுக்கும் இதில் பங்குண்டு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பழைய சட்டத்தின் நிழலும் கூடவே சென்றது. அங்கும் அது செல்லுமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரு கருத்துகள் எழுந்தன. தனி நீதிபதி இஸ்மாயில் செல்லாது என்றார். பின்னர் வந்த இருவர் அமர்வு செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் இஸ்மாயில் அவர்களின் கருத்தையே ஏற்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மகளிர்க்கு ஒரே தீர்ப்பால் வழி பிறந்தது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. சிறுபான்மையினரின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்று திருச்சபைகளில் குரல் எழுந்தது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. சிறுபான்மையோர்க்கு அச்சம் காரணமின்றி வருவதில்லை. பிறமொழி நாட்டில் வாழும் நாமும் அதனை அறிவோம். ஆனால் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு சமய உரிமையை எல்லா மனிதருக்கும் அளிக்கிறது. சபையின் தலைவர்களுக்கு மட்டும் அன்று. அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டே அளிக்கிறது. சிறுபான்மைக்குள் இருக்கும் பெண்ணும் அச்சிறுபான்மையில் ஒருத்தி அல்லளோ?

நம்மில் இந்துக்கள் இதனை அயல் வீட்டு வழக்காக எண்ணிவிடுதல் வேண்டா. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலுந்தான் சட்டமாயிற்று. அதன் பின்னும் திருமணத்திற்கு முந்திய வாரத்தில், அழைப்பிதழ்களுக்கும் நகைப் பெட்டிக்கும் நடுவே ஒரு தாள் வைக்கப்படுகிறது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்கிறார் அண்ணன். அதன் பெயர் விடுதலைப் பத்திரம்! விடுதலை யாருக்கோ?

மேரி ராய் அம்மையார் வென்ற பின்னும், தம் பங்கு கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 2022 செப்டம்பர் 1-இல் மறைந்தார். நம் சங்கப் படிப்பகத்தில் வாரிசுரிமைச் சட்டங்களின் தமிழாக்கங்களை வாங்கி வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். அவற்றை மகளிர் எடுத்துச் செல்லும்போது, எந்தச் சமயம், எதற்காக என்று யாரும் கேளாதிருக்கவும் வேண்டுகிறோம்.