கம்ப்யூட்டரும் நம்ம சொல்படி நடக்கும்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டுல எழுதிய கணக்கு இன்று பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. வீட்டிலும் பிள்ளைகள் படிப்புக்காக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அதில் அடிக்கடி வரும் ஒரு தொந்தரவைப் பற்றி இன்று பேசுவோம்.

மாதக் கடைசியில் கணக்காளர் பத்து குழுக்களின் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் ஏற்றிக்கொண்டிருப்பார். சாப்பிட எழுந்து போய்த் திரும்பி வந்து பார்த்தா, கம்ப்யூட்டர் தானாகவே நின்னு, மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கும். சேவ் பண்ணாத கணக்கு போயிடும். மறுநாள் வங்கிக்குப் பட்டியல் தரணும்! மெஷின் கெட்டுப்போச்சா? இல்லை. அதுதான் அப்டேட்.

மழைக்கு முன்னாடி கூரையில் ஓட்டை இருக்கான்னு பார்த்து அடைக்கிறோம் இல்லையா? அதுபோல, விண்டோஸில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்க அந்தக் கம்பெனி இணையம் வழியாக அனுப்புவதுதான் அப்டேட். பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரவு நமக்கு வரும். ஓடுகிற வண்டிக்கு டயர் மாற்ற முடியாது. அதனால்தான் ரீஸ்டார்ட் கேட்கிறது.

"அப்போ அப்டேட்டையே நிறுத்திட்டா என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நம் கம்ப்யூட்டரில் இருப்பது எத்தனையோ பெண்களின் சேமிப்புக் கணக்கு. எனவே அப்டேட் வேண்டும். எப்போது என்பதை மட்டும் நாம் சொல்வோம்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், விண்டோஸ் அப்டேட் என்பதைத் தொடுங்கள். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் இருக்கும்.

1. ஆக்டிவ் ஹவர்ஸ்: நாம் வேலை செய்யும் நேரத்தை இதில் குறிக்கலாம். காலை 8 முதல் இரவு 10 என்று போட்டால், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை போடலாம்.

2. ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் அறிவிக்கும் 'நோட்டிஃபை மீ' பட்டனை ஆன் செய்யுங்கள். 'கெட் மீ அப் டு டேட்' பட்டனை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் வேலை நேரத்திலும் ரீஸ்டார்ட் ஆகும்.

3. பாஸ் அப்டேட்ஸ்: இது விண்டோஸ் அப்டேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். தணிக்கை, மாதக் கடைசி போன்ற நாட்களில் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் அப்டேட் போட்டுவிட வேண்டும்.

4. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறோமா? நெட்வொர்க் பகுதியில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று மாற்றினால், பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது, டேட்டா மிச்சம். அப்டேட் போடும் நாளில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் ஆபத்து. லேப்டாப் என்றால் முழு சார்ஜ் இருக்கட்டும். பாதியில் சுவிட்சை அணைக்காதீர்கள். கணக்கு ஏற்றும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோலையும் எஸ்-ஐயும் சேர்த்து அழுத்தி சேவ் செய்வோம்.

பழைய விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் 11-க்கு மாறுமா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பையன் வரட்டும், வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வங்கியில் படிவம் நிரப்பக் கற்ற நமக்கு இது பெரிய விஷயமா? அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுவோம்: மாதம் ஒரு நாள் அப்டேட் நாள், அதற்குப் பொறுப்பாக இரண்டு உறுப்பினர்கள். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுவோம்.