துடிக்கும் பிரேக்கை விட்டுவிடாதீர்கள்

(சாலைப் பாதுகாப்பு வாரத்தையொட்டி, வட்டார வள மையத்தில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் நிற்கும் வண்டிகளை உள்ளே வரும்போது எண்ணிப் பார்த்தேன். கார் மூன்று, இரு சக்கர வண்டி 41. நம்மில் பலர் தினமும் 30, 40 கி.மீ. ஓட்டிப் பள்ளிக்குப் போய்த் திரும்புகிறோம். பின்னால் பிள்ளையையோ உடன் பணியாற்றும் டீச்சரையோ உட்கார வைத்துக்கொண்டு போகிறோம். தலைக்கவசம் பற்றிப் பேச எனக்கு முன்னால் பேசியவரே போதும். நான் பிரேக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சி.சி. வரையுள்ளவற்றில் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்று அப்போது விதி வந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சி.பி.எஸ். என்பது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஸ்கூட்டர் ஓட்டும் நம் சகோதரிகள் பலர் இடது லிவரை மட்டும் நம்பியே ஓட்டுகிறார்கள். அதில் முன்சக்கரத்துக்குப் போவது ஒரு பங்குதான். அவசரத்தில் இரண்டு லிவரையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இனி ஏ.பி.எஸ். எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்துகிறோம். நிலை உராய்வு அதிகம், நழுவு உராய்வு குறைவு. உருளும் டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் தரையோடு அசையாமல் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த இடம் நழுவத் தொடங்கிவிடும். பிடிமானம் குறையும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி சாயும், பின்சக்கரம் பூட்டினால் பின்பக்கம் வாலாட்டும். சக்கரத்தோடு சுற்றும் ஒரு பல்வட்டத்தை உணரி ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. சக்கரம் பூட்டப்போவது தெரிந்ததும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு மீண்டும் ஏற்றுகிறது. ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும். ஏ.பி.எஸ். வேலை முழுவதும் இதுதான்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் நம் கைக்கும் காலுக்கும் தெரியும். லிவர் துடிக்கும். காரில் மிதி கடகடவென்று காலை உதைக்கும். எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஆசிரியர் புது பைக் வாங்கிய இரண்டாவது வாரம், குறுக்கே ஆடு வந்ததென்று முழு பலத்தோடு பிரேக் பிடித்தார். லிவர் துடித்தது. பிரேக்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையை விட்டுவிட்டார். ஆடு தப்பித்தது. அவர் மைல் கல்லில் மோதி, தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தார். விற்றவர் ஹெல்மெட்டும் சீட் கவரும் கொடுத்தாரே தவிர, லிவர் துடிக்கும் என்று சொல்லவில்லை. துடித்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். இன்னும் அழுத்திப் பிடியுங்கள், வண்டி நிற்கும்வரை விடாதீர்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் செய்வதுபோல விட்டு விட்டு மிதிப்பதும் இங்கே கூடாது. அந்த வேலையை நம் காலைவிட வேகமாக அது செய்கிறது. காரானால் கிளட்சையும் சேர்த்து மிதித்துக்கொண்டு, தடையைச் சுற்றி ஸ்டியரிங்கைத் திருப்பலாம். சக்கரம் உருண்டுகொண்டிருப்பதால் வண்டி திரும்பும். ஏ.பி.எஸ்.ஸின் பெரிய பலன் அதுதான்.

பல பைக்குகளில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், மறக்க வேண்டாம்.

நிற்கும் தூரம் ஒரு கணக்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி, வேகத்தளர்வு நொடிக்கு 6 மீ/வி என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் முதல் நொடியில் 11 மீட்டர், பிரேக் பிடித்த பின் 10 மீட்டர், ஆக 21. 60 கி.மீ. வேகத்தில் 17 உம் 23 உம் சேர்ந்து 40. வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த முதல் நொடியில் ஏ.பி.எஸ்.ஸுக்கு வேலையே இல்லை.

வளைவுக்கு வருவோம். கணித ஆசிரியர்கள் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் பாடம்தான். டயரின் மொத்தப் பிடிமானம் 10 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் மையநோக்கு விசைக்கும் பிரேக்குக்கும் அந்தப் பத்துதான் போக வேண்டும். இரண்டும் செங்குத்துத் திசைகள், ஆகவே பத்து என்பது கர்ணம். வளைவுக்கு 6 போனால் பிரேக்குக்கு 8 மிஞ்சும். 8 போனால் 6. இன்னும் வேகமாகப் போய் வளைவுக்கே பத்தும் போய்விட்டால் பிரேக்குக்குச் சுழி. பிதாகரஸ் தேற்றத்துக்கு ஏணியும் சுவரும் வரைந்து அலுத்துப்போனவர்கள் பத்தாம் வகுப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் கண் விரியும்.

இப்போது அதே வளைவில் மணல் கிடக்கிறது. தை மாதம் நம் சாலைகளில் கொள்ளும் கேழ்வரகும் காயப்போடுவார்களே, அந்த வைக்கோல் என்றே வையுங்கள். பத்து ஐந்தாகிவிட்டது. வளைவுக்குத் தேவை 6. பிரேக்கைத் தொடாமலே வண்டி வழுக்கும். ஏ.பி.எஸ். பிடிமானத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்கிறது. தளர்ந்த மணலிலும் சரளையிலும் ஏ.பி.எஸ். வண்டி நிற்க அதிகத் தூரம்கூட எடுக்கலாம். பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்துத் தடை போடும், உருளும் சக்கரம் அதைச் செய்யாது.

சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்குச் சக்கரம் சுற்றுவது மட்டும்தான் தெரியும், வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வையும் அளக்கும் வகை 2013 இல் ஒரு பைக்கில் வந்தது. இன்றும் விலை கூடிய வண்டிகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது. நம்மிடம் அது இல்லை என்றே வைத்து ஓட்டுவோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கிப் பணிக்குப் போகும் ஆசிரியர்களைக் கேளுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வளைவுக்குள் திடீரென்று நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், நிமிர நிமிர பிரேக்கைக் கூட்டுங்கள். சாய்ந்தபடியே முன்பிரேக்கைக் கப்பென்று பிடித்தால் வண்டி தானாக நிமிர்ந்து வளைவுக்கு வெளியே போகும், அல்லது வழுக்கும். நிமிர்த்த இடம் வேண்டும் என்பதால்தான் வேகம் குறைத்து வளைவில் நுழையச் சொல்கிறேன்.

ஒரு செய்தி. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏ.பி.எஸ். பொருத்திப் பார்த்தார்கள். விபத்துகள் குறையவில்லை. ஏ.பி.எஸ். வண்டி ஓட்டியவர்கள் இன்னும் வேகமாகவும் நெருக்கமாகவும் ஓட்டியிருந்தார்கள். ஆசிரியர்களான நமக்கு இது வியப்பில்லை. கையேடு கிடைத்ததும் பாடப்புத்தகத்தை மூடிவிடும் மாணவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பிரேக் இருக்கிறது, ஏ.பி.எஸ். இல்லை. மெக்கானிக்கிடம் காட்டும்வரை மெதுவாகப் போங்கள். டயர் மொட்டையாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

தேநீருக்குப் பிறகு மைதானத்துக்கு வாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தலைக்கவசம் அணிந்து, ஒருவர் பின் ஒருவராக, 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்போம். பழகியவர்கள் பிறகு 30இல் முயலலாம். ஏ.பி.எஸ். உள்ளவர்களுக்காக ஓரிடத்தில் கொஞ்சம் மணல் தூவியிருக்கிறேன். லிவர் துடிப்பதை நேர்க்கோட்டில், மெதுவான வேகத்தில் கையால் ஒருமுறை உணர்ந்துவிட்டுப் போகலாம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், அவர்களுக்குத்தான் நேரம் அதிகம் வேண்டும்.