குதிரை லாயத்தோட ஒரு பழைய வீடு
பில்டு ஓடுற நேரத்துல நான் படிக்கிறது இங்கிலாந்து கிராமத்து வீட்டு விளம்பரங்கள். வாங்கவெல்லாம் இல்லை, சும்மா. பழைய தானியக் களஞ்சியத்தை வீடா மாத்தியிருப்பாங்க. கூடவே நாலு ஏக்கர் புல்வெளி, குதிரை லாயம். பார்த்தாலே ஆசை வரும்.

கீழே சின்னதா 'கிரேடு டூ லிஸ்டட்'னு இருக்கும். விஷயமே அங்கதான். அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதன் தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் உள்ளூர் கவுன்சில் அனுமதி வேணும், வீட்டுக்குள்ள ஒரு பழைய உத்தரத்தை எடுக்கிறதுக்கும்கூட. அனுமதி வாங்காம செய்றது 1990 சட்டப்படி குற்றம். செஞ்சது பழைய ஓனரா இருக்கலாம். ஆனா 'பழையபடி மாத்து'ன்னு நோட்டீஸ் இப்போதைய ஓனருக்குத்தான் வரும். அதுக்குக் காலக்கெடுவும் கிடையாது. எவரோ எழுதின லெகசி கோடு, டிக்கெட் மட்டும் உங்க பேர்ல!

லாயமும் தப்பாது. 1948 ஜூலை 1-க்கு முன்னாடியே அந்த வீட்டு வளாகத்துல நின்னதுன்னா, பெரும்பாலும் அதுவும் அதே பாதுகாப்புக்குள்ள வந்துடும்.

புல்வெளி கதை இன்னும் வேடிக்கை. குதிரை வெறுமனே மேய்ஞ்சா அது விவசாயம். சவாரிக்காக அங்கேயே வெச்சுத் தீனி போட்டு வளர்த்தா பயன்பாட்டு மாற்றம், அதுக்குத் தனி அனுமதி. எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது.

அங்க செட்டிலான நண்பர் யாராவது இப்படி ஒரு வீடு பார்த்தா, விலை பேசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாற்றத்துக்குமான அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் கேட்கச் சொல்லுங்க. வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சுவரா ஒப்பிட்டுப் பார்க்கணும்.