நெல் ஜெயராமன்: இரண்டு கிலோ விதையின் கணக்கு

(ஒரகடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஷிப்டு முடிந்து, சாப்பிடக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளித் தோழர்களே!

2018-ம் வருஷம் டிசம்பர் 6-ம் தேதி, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு விவசாயி காலமானார். வயது ஐம்பது. புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கட்டிமேடு அவருடைய ஊர். பெயர் ஜெயராமன். 'நெல் ஜெயராமன்' என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். அந்த 'நெல்' என்ற பட்டம் எந்த சர்க்காரும் கொடுத்ததல்ல. நம்மாழ்வார் ஐயா வைத்த பெயர்.

திருவாரூர்ப் பக்கத்து விவசாயிக்கு ஒரகடத்தில் என்ன கூட்டம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கே காண்ட்ராக்டில் வேலை செய்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் திருவாரூர், நாகை, மன்னார்குடிப் பக்கம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, போதும், இறக்குங்கள். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மண்ணும் நெல் விளைந்த மண்தான். ஏரிப் பாசனத்தில் சம்பாவும் நவரையும் விளைந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்திலும் தொடங்கிற்று. நடுவிலே எத்தனையோ கிராமங்களின் களத்துமேடு கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் எங்களிடம் கேட்டார்: "தம்பி, நெலமே போன பொறவு வெத நெல்ல வச்சிகினு இன்னா பண்றது?" வீட்டுப் பரணில் ஒரு பானையில் அவர் வைத்திருந்த விதை நெல்லைப் பற்றித்தான் கேட்டார். அன்றைக்கு எங்களுக்குப் பதில் வரவில்லை. ஜெயராமனுடைய கதையைச் சொன்னால் பாதிப் பதிலாவது கிடைக்குமா பார்ப்போம்.

அவர் பெரிய மிராசுதார் அல்ல. நம் கட்சிக்காரரும் அல்ல. நுகர்வோர் இயக்கத்திலிருந்து வந்தவர். 2003-ல் நம்மாழ்வாரோடு பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார்கள். காவிரிக் கரை ஊர்களில் பழைய நெல் வகைகள் ஒரு பிடி, இரண்டு பிடி என்று கைக்கு வந்தன. அங்கே பிடித்த பைத்தியம், சாகும்வரை விடவில்லை. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், பூங்கார், கருப்புக் கவுணி, தூயமல்லி, அறுபதாம் குறுவை என்று தேடித் தேடிச் சேர்த்தார். கடைசியில் கணக்கு 174 வகைக்கு வந்து நின்றது.

இந்தப் பெயர்களெல்லாம் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். வெள்ளம் நின்றாலும் தாங்கும். குழியடிச்சான் கடலோரத்து உப்பு மண்ணில் விளையும். சுனாமியில் கடல்நீர் ஏறிய நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அறுபதாம் குறுவை பெயரிலேயே தன் நாளைச் சொல்லிவிடுகிறது. எந்த நிலத்துக்கு எது ஆகும் என்று ஆயிரக்கணக்கான வருஷம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தது யார்? படிக்கப் போகாத உழவனும், விதையைச் சாம்பல் கலந்து பானையில் மூடி வைத்த அவன் வீட்டுப் பெண்ணும்தான்.

2006 முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை. காசு கிடையாது. அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும்.

சிரிக்கிறீர்கள். நூற்றுக்கு நூறு வட்டி என்று நினைக்கிறீர்கள்! பண்ணையில் நெல் கடன் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பண்ணையில் கட்டிய வட்டி யார் பத்தாயத்துக்குப் போயிற்று? பண்ணையார் பத்தாயத்துக்கு. ஆதிரெங்கத்தில் திரும்பி வந்த நான்கு கிலோ எங்கே போயிற்று? வரிசையில் நின்ற வேறு இரண்டு விவசாயிகளுக்கு. அவர்கள் எட்டாகக் கொண்டுவந்தால் நான்கு பேருக்கு. ஒரு சல்லிக்காசு முதலாளி கைக்குப் போகாமல் வட்டி முழுவதும் ஜனங்களுக்குள்ளேயே சுற்றுகிறது.

இரண்டு கிலோவை வைத்து என்ன விதைப்பது என்று விவசாயத் தோழர்கள் கேட்பீர்கள். வழக்கம்போல் கொத்துக் கொத்தாக நட்டால் ஏக்கருக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ வேண்டும். ஒற்றை நாற்றாக, இடைவெளி விட்டு நட்டால் இரண்டு மூன்று கிலோவே ஒரு ஏக்கருக்குப் போதும். அந்த அளவைத் தெரிந்துதான் கொடுத்தார்.

இதிலே என்ன பெரிய விஷயம் என்றால், கேளுங்கள். 2019-ல் குஜராத்தில் பெப்சி கம்பெனி உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. தன் உரிமையுள்ள வகையை அனுமதியில்லாமல் பயிரிட்டார்களாம்! அவர்களில் சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. விதையைச் சேமிக்கவும், பரிமாறவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. விதை பானையில் இல்லாவிட்டால் அந்த உரிமையை எங்கே வைப்பது?

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் எங்களில் சிலர் இதை அலட்சியமாகத்தான் பார்த்தோம். நிலம் கேட்டும் கூலி கேட்டும் போராடுகிற இடத்தில் விதை கொடுத்தால் வர்க்கப் பிரச்னை தீர்ந்துவிடுமா என்று பேசினோம். காரணம் இருந்தது. ஜெயராமன் பிறந்தது வெண்மணி வருஷம். 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 44 உயிர்களைக் குடிசையில் அடைத்துக் கொளுத்திய வருஷம். தஞ்சை வயல்களில் புதுரக நெல்லும் உரமும் இறங்கி மகசூல் ஏறிய காலம் அது. ஏறிய மகசூலில் பங்கு கேட்டவனுக்கு நெருப்பு கிடைத்தது. ஆகவே விதை மாறினால் மட்டும் விவசாயக் கூலியின் வாழ்வு மாறாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை.

இன்றும் அந்தக் கேள்வி இருக்கிறது. காட்டுயானம் போட்டால் விதைக்கிற அன்றும் அறுக்கிற அன்றும் வயலுக்குப் போனால் போதும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு நல்லதுதான். களை எடுக்கிற அக்காவுக்கு இடையிலே கூலி எங்கே? பட்டணத்துக் கடையில் கருப்புக் கவுணி என்ன விலைக்கு விற்கிறது? நட்டவள் வீட்டில் உலையில் வேகிறது ரேஷன் அரிசி. இதற்கு ஜெயராமன் ஒருவர் பதில் சொல்ல முடியாது. நம் சங்கங்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் விதை கம்பெனி கைக்குப் போய்விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமிருக்காது. இதை எங்களுக்குப் புரியவைத்தவர் அவர்.

சோற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுந்தபோது, இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பெண் தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். தட்டில் என்ன விழுகிறது என்று கேட்கிற போராட்டமும், வயலில் என்ன விழுகிறது என்று கேட்கிற போராட்டமும் தூரத்துச் சொந்தம் அல்ல, உடன்பிறப்பு.

அவருடைய கடைசி நாட்கள். நோய் தெரிந்த பிறகும் திருவிழாவை விடவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தையே புரட்டிப் போட்டது. தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது. ஊர் அப்படிக் கிடக்க, அவர் சென்னையில் படுக்கையில் கிடந்தார். இருபது நாளில் முடிந்துவிட்டது. மனைவியும் ஒரு சின்னப் பையனும் நின்றார்கள். 174 வகை நெல்லைச் சேர்த்தவருக்கு வைத்தியச் செலவுக்குப் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இதை நாங்கள் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறோம். 2021-ல் தமிழக அரசு பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. நல்லது. ஆள் இருக்கும்போது வைத்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நிலம் போனவன் விதையை வைத்து என்ன செய்வது என்று கேட்டீர்கள். நிலம் இன்னும் போகாத ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் வயலைக் காக்கப் போராடியதை நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் பானை அந்த மாதிரி வயலுக்குப் போகட்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தோழர் ஒருவர், இங்கே காண்ட்ராக்டில் இருப்பவர், ஊரிலிருந்து ஒரு மூட்டை பூங்கார் விதை கொண்டுவந்திருக்கிறார். நவரைப் பட்டத்துக்கு ஆகும் நெல். மேடைக்குப் பின்னால் தராசு இருக்கிறது. நிலம் உள்ளவர்களும் குத்தகைக்குச் செய்கிறவர்களும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்ததும் நான்கு கிலோ இங்கே வந்து சேரவேண்டும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களை முதலில் அனுப்புங்கள், தோழர்களே. பஸ் ஒன்பதரைக்கு.