இதய மருத்துவரிடமும் சொல்லுங்கள்

பெங்களூரு சிவாஜிநகரில் பவுரிங் மருத்துவமனை இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களில் இப்போது நரைத்த தலைகளையும் பார்க்கலாம். 2004 ஏப்ரலில் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, நாற்பதைத் தாண்டுவோமா என்று கலங்கியவர்கள் ஏராளம். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நினைத்தாலே மனம் நிறைகிறது. ஆனால் வயது ஏற ஏற, மாரடைப்புப் பயமும் கூடவே வருகிறது.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 மடங்கு. வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஓயாமல் நடக்கிறது. அது ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்துக் கொழுப்பு படிய இடம் கொடுக்கிறது. பீடி, சுகர், பி.பி.யும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தடுக்க வழி இருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி.யுடன் வாழும் 7,769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. எல்லோரும் 40 வயதைத் தொட்டவர்கள், இதயநோய் இல்லாதவர்கள். பிடாவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. உங்களுக்கு 40 ஆகிவிட்டதா? அடுத்த முறை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதே பயத்தில், நெஞ்சுவலி என்று போகும் இடத்திலும் எச்.ஐ.வி. பற்றி வாய் திறப்பதில்லை. ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவருக்கு, விவரம் தெரியாத மருத்துவர் சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதினால் ஆபத்து. அந்த மாத்திரையைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் ரிட்டோனாவிர் தடுத்துவிடும். ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும்; தசை அழியும், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் விவரத்தை ரகசியமாகக் காக்கவும் அது வகை செய்கிறது. தைரியமாகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

உங்கள் மருந்துச் சீட்டை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். நெஞ்சை அழுத்தி, இடது கைக்கு வலி பரவி, வியர்த்துக் கொட்டினால், வாயுப்பிடிப்பு என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.