மலிவாய்க் கிடைத்த மனை

 



செலவு செய்யும்போது வீண்விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல், இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களை அல்லாஹ் தன் நல்லடியார்களின் வரிசையில் சேர்த்துப் பேசுகிறான் (அல்ஃபுர்கான் 25:67). இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் வீண்விரயத்தைக் கண்டிப்பதற்கே எடுத்துக்கொள்கிறோம். கல்யாண மண்டபம், விருந்து, நகை என்று பேசி முடித்துவிடுகிறோம். செலவிட வேண்டிய இடத்தில் கையை மூடிக்கொள்வதையும் அதே வசனம் கண்டிக்கிறது. வீடும் மனையும் வாங்கும்போது நாம் பிடிக்கின்ற மிச்சத்தை அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மலையடிவார ஊர்களில் வாழும் நமக்குக் கொல்லிமலை புதிதல்ல. காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மிளகுக்கும் காப்பிக்கும் அன்னாசிக்குமாக வியாபாரிகள் போய்வருகிறார்கள். சோளக்காட்டுச் சந்தையிலோ செம்மேட்டுக் கடைவீதியிலோ ஒரு தரகர் வந்து, "கீழே ஒரு மனைக்குக் கொடுக்கும் பணத்தில் மேலே தோட்டத்தோடு இடம் முடித்துத் தருகிறேன், பாய்" என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். குளிர்ந்த காற்று, பலா மரம், பிள்ளைகளுக்கு ஒரு வீடு. ஆசையில் குற்றமில்லை. ஆனால், இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வாளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த மலையின் பூர்வ குடிகள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர் மட்டுமே ஒன்று.) பழங்குடியினருக்கு அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலங்கள் உண்டு. நிபந்தனையை மீறிக் கைமாறினால் அரசு அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய நிலத்துக்குக் கிரயப் பத்திரம் பதிய முடியாது என்பதால் தரகர் 'பவர்' எழுதித் தருகிறார், இல்லையென்றால் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறார். பதிவுச் செலவும் மிச்சம் என்கிறார். உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்திருந்தாலும் நிலத்தின் உரிமை மாறுவதில்லை. பவர் கொடுத்தவர் மௌத்தாகிவிட்டால் அந்தப் பவரும் பொதுவாக அவரோடு முடிந்துவிடும்.

பணம் போவது ஒரு புறம். மருத்துவச் செலவுக்கோ மகள் கல்யாணத்துக்கோ ஒரு குடும்பம் தவிக்கும் நேரத்தில், சட்டம் அவர்களுக்காகக் காத்துவைத்த நிலத்தைச் சொற்பத் தொகைக்கு எழுதி வாங்குவது எத்தகைய வியாபாரம்? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நிபந்தனையற்ற பட்டா நிலமாக இருந்தால் வாங்கலாம். அதை விசாரித்துத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் கடமை.

விசாரிப்பதற்கு ஆகும் செலவுதான் என்ன? வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், தாய்ப்பத்திரம் இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டால் சில ஆயிரங்கள் ஆகலாம். பல லட்சம் கொடுத்து வாங்கும் நாம் அந்தச் சில ஆயிரங்களுக்குத்தான் கணக்குப் பார்க்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது (அல்பகரா 2:282) என்பதை நம் கடைவீதிகளில் இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

சமவெளியிலும் இதே கதை நடந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பிள்ளையின் படிப்புக்கோ மகளின் நிக்காஹ்வுக்கோ விற்கலாம் என்று மலிவு மனை வாங்கிப் போட்டிருந்தவர்கள் விற்க வழியில்லாமல் நின்றார்கள். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அன்று மிச்சம் பிடித்ததைப் பலரும் கட்டணமாகத் திருப்பிக் கட்டினார்கள்.

இன்னொரு மிச்சம், பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது. 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 25 லட்சம் என்று எழுதுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, 15 லட்சத்துக்கு 1,35,000 ரூபாய் மிச்சம். சில ஆண்டுகள் கழித்து அவரே அதை விற்கும்போது, வாங்கிய விலை 25 லட்சம்தான் என்று கணக்காகும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. அந்த 15 லட்சத்துக்கு 1,87,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். இடையில் கிரயம் ரத்தாகிப் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், கையில் கொடுத்த 15 லட்சத்துக்கு எந்தச் சான்றும் இராது. பொய்யான விலைக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட நம் சொந்தபந்தங்களையே அழைத்துப் போகிறோம். பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்று தெரிந்தவர்கள்தாம் நாம்.

கட்டும்போது பிடிக்கும் மிச்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டுபவர் முதலில் விட்டுவிடுவது பின்புறத் தாங்குசுவரையும், மழைநீர் வடியும் வாய்க்காலையும்தான். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். வேறு இடமில்லாமல் அங்கே வாழ்ந்தவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. வசதியிருந்தும் தாங்குசுவரை விட்டுவிட்டு முகப்புக்குக் கிரானைட் பதிப்பவருக்கே இது எச்சரிக்கை. கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டானால் 7 நாள், கலப்பு சிமெண்டானால் 10 நாள் குறையாமல் தண்ணீர் விட வேண்டும். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வேண்டும். தடுப்பில்லாத கூரைமீது உறங்குபவருக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடும் என்ற நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

கடைசியாக, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கனம். "ஹிபா வாய்மொழியாகச் செய்தாலே போதுமே, பதிவுச் செலவு எதற்கு?" என்கிறோம். உண்மைதான். கொடுப்பதாக அறிவித்தல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வழக்கின் ஹிபா எழுதப்பட்டது 1968ஆம் ஆண்டில். உடன்பிறந்தவர்கள் நீதிமன்றப் படியேறி 43 ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு அது. உங்கள் தந்தையார் உயிரோடும் நல்ல நினைவோடும் இருக்கும்போதே மற்றப் பிள்ளைகளையும் அழைத்து உட்காரவையுங்கள். பெண் மக்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் முன்னிலையில் எழுதி, பதிவு செய்து, சாவியைக் கொடுங்கள். பட்டா மாற்றத்துக்கும் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் அந்த வாரமே மனுக் கொடுத்துவிடுங்கள்.